பிச்சுமணி அண்ணாச்சியின் முதல் இலை

தென்காசி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் கல்யாணச் சமையலுக்குப் பேர்போன தவசுப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கைருசி என்று பார்த்தால் எங்கள் பிச்சுமணி அண்ணாச்சி அவர்களில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வருவார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் அவர் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பதினேழு வருஷத்தில் வயிற்றுக்கு ஒன்று வந்ததில்லை. இதை அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்லவேண்டும். அவரிடம் காய் நறுக்குகிறவனாகச் சேர்ந்து, பிறகு சாமான் பொறுப்பு பார்த்து, கடைசியில் அவருக்குப் பாதித் தோளாக இருந்தவன் நான்.

நான் சேர்ந்தது ஐம்பத்து நாலில். வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். முப்பது வயசு, வீட்டில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். "காய் நறுக்கத் தெரியுமா?" என்றார் அண்ணாச்சி. தெரியும் என்றேன். "சரி, நாளைக்குக் காலையில வா. இலஞ்சி வரைக்கும் நடக்கணும்."

கல்யாணம் வெள்ளிக்கிழமை. நாங்கள் நடந்தது செவ்வாய்க்கிழமை. வழியில் கேட்டேன்.

"இன்னைக்கு அங்கன என்ன சோலி அண்ணாச்சி?"

"கிணத்தைப் பாக்கணும்லே."

பார்த்தார் என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வாளி இறைத்து, கொல்லையில் மூன்று கல் கூட்டி, அந்தத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பைப் போட்டு வேகவைத்தார். பருப்பு எவ்வளவு நேரத்தில் மலர்கிறது என்று பார்த்தார். இன்னொரு செம்பு தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மாட்டுத்தொழுவத்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நடந்து பார்த்தார். "காத்து மேக்க இருந்து அடிக்கும். அடுப்பு பந்தலுக்குக் கிழக்கதான் இருக்கணும். மேக்க வச்சா ஒரு பொறி போதும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, இடத்தைக் குச்சியால் கோடு கிழித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்படி அவரிடம் பல வழக்கங்கள் இருந்தன. பித்தளைப் பாத்திரங்களை மாதம் ஒரு தடவை முற்றத்து வெயிலில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்ப்பார். உள்ளே பூசின ஈயம் ஓர் இடத்தில் தேய்ந்து மஞ்சள் தெரிந்தாலும் அந்தப் பாத்திரம் ஈயம் பூசுகிறவரிடம் போய்விடும். புளிப்பு பித்தளையில் பட்டால் களிம்பு ஊறிச் சாப்பாடே விஷமாகிவிடும். எந்தப் பதார்த்தமும் ஒருத்தர் கையை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. சொதி வைக்கத் தெரிந்தவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருத்தர் வைக்கவேண்டும். எத்தனை இலைக்குச் சாமான் வாங்கினாலும் பத்தில் ஒரு பங்கு தனி மூட்டையாகக் கட்டி, பந்தி முடிகிறவரை அவிழ்க்காமல் வைத்திருப்பார். அதற்கு மறுமூட்டை என்று பேர். அரிசி, பருப்பு, புளி, சுண்டை வற்றல், எல்லாம் அதில் இருக்கும்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான்.

முதல் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் சமையல் எல்லாம் இறங்கிவிட வேண்டும். பிள்ளையாருக்குக் கிண்ணத்தில் எடுத்துவைத்துக் கும்பிட்டதும், சமையல் கொட்டகை மூலையில் ஒரு தலைவாழை இலையைப் போட்டு அண்ணாச்சி உட்காருவார். அத்தனை பதார்த்தமும் பரிமாறச் சொல்வார். உப்பு பார்க்கிற மாதிரி நுனிவிரலில் தொட்டு நக்குவதில்லை. பசித்த மனுஷன் சாப்பிடுகிற மாதிரி முழுச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு மணி நேரம் விறகு அடுக்கிக்கொண்டோ பாத்திரம் எண்ணிக்கொண்டோ இருப்பார். அந்த ஒரு மணி நேரம் கழியாமல் ஒரு கரண்டி சோறு பந்திக்குப் போகாது.

சமையற்காரன் சம்பந்திக்கு முன்னால் சாப்பிடுவதா? அந்த நாளில் அது சின்ன விஷயம் இல்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மிஞ்சியதைத்தான் சமையல் ஆட்கள் சாப்பிடுவார்கள். அண்ணாச்சி தாம்பூலம் வாங்கும்போதே சொல்லிவிடுவார்: "முதல் இலை எனக்கு. சம்மதம்னா வெத்திலையைக் கொடுங்க." சிலர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். கடையத்தில் ஒரு கல்யாணம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது. நாற்பத்தொன்பதில் அவர் வேறொருவரிடம் இரண்டாம் ஆளாக இருந்தார். ஒரு கல்யாணத்தில் புளிக்குழம்பை ஊற்றிவைத்த அண்டாவின் அடியில் ஈயம் போயிருப்பதை அவர் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். இரண்டாம் ஆள்தானே, பெரியவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டார். அன்று நாற்பது பேர் வாந்தி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டு மணமேடைக்குத் திரும்பிய கல்யாணப்பெண் அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

"அந்தப் பிள்ளை முகம் இன்னமும் தெரியுது வல்லிநாயகம்" என்றார். "நான் ஒரு உருண்டை சாப்பிட்டிருந்தாக்கூட அது எனக்கு வந்திருக்கும். அவளுக்கு வந்திருக்காது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐம்பத்தேழில் கீழப்பாவூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மூன்று நாள் கல்யாணம், அந்த வருஷத்திலேயே பெரிய வேலை. நானும் கூடப் போனேன். எல்லாம் பேசி முடிந்து அண்ணாச்சி முதல் இலையைச் சொன்னார். பண்ணையார் முகம் மாறிவிட்டது.

"என்னவே சொல்லுதீரு? நீரு தின்ன மிச்சத்தையா என் சம்பந்திக்கு விளம்பணும்?"

"மிச்சம் இல்லைங்க. எல்லாம் தனித்தனியா எடுத்து…"

"எல்லாம் எனக்குத் தெரியும். அது நடக்காது."

அண்ணாச்சி தட்டிலிருந்த வெற்றிலையை இரண்டு கையாலும் அவர் பக்கம் நகர்த்தினார். "அப்போ வேற நல்ல ஆளாப் பாருங்க. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வேறு ஒருவர் போய் அந்தக் கல்யாணத்தைச் செய்தார். அதில் ஏதாவது ஆகியிருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பிரமாதமாக நடந்தது. பாயசத்தைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். கூடவே எங்களைப் பற்றியும் பேசினார்கள். 'முதல் இலைப் பிள்ளை' என்று கடைத்தெருவில் கிண்டல் செய்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் எங்களுக்கு இரண்டே வேலை. ஆட்களில் நாலு பேர் வேறு இடம் போனார்கள்.

நானே ஒரு நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். "கொஞ்சம் விட்டுக்கொடுங்க அண்ணாச்சி. அவனவன் இது எதுவும் இல்லாமத்தானே செய்யுதான்? என்ன ஆயிப்போச்சு?"

அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி இராமலட்சுமி மதினிதான் வெளியே வந்தாள். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாதவள்.

"தம்பி, நீரு தினமும் ராத்திரி கதவைத் தாப்பாப் போடுதீருல்லா? உம்ம வீட்டுக்கு எத்தனை தடவை கள்ளன் வந்திருக்கான்?"

"வந்ததில்லை மதினி."

"அப்போ இன்னைக்குப் போடாதேயும்."

நான் வீட்டுக்கு வந்தேன். அந்த ராத்திரி தாழ்ப்பாளைப் போடும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கஷ்டப்பட்டுத்தான் மீண்டோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு வீடுகளாகத் திரும்பி வந்தன. அறுபத்தொன்று ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் கல்யாணம். பெண் வீட்டுக்காரர் தென்காசி ஆவுடைநாயகம், கண்ணியமான மனுஷர். மாப்பிள்ளை வீட்டார் கொல்லத்தில் குடியேறின நம் பக்கத்துக்காரர்கள். நல்ல சீசன். சாரல் நிற்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பெருமழையாகக் கொட்டி, கொட்டகையின் ஒரு பக்கம் ஒழுக ஆரம்பித்தது. எல்லாவற்றையும் அவசரம் அவசரமாக உள்ளே மாற்றினோம். தயிர்ப்பானைகள் நனைகிற இடத்தில் இருந்தன. எங்கள் பாத்திரம் எதுவும் கைக்கு எட்டவில்லை. பங்களா வராந்தாவில் ஒரு பெரிய பித்தளைப் போணி பளபளவென்று இருந்தது. எடுத்துத் தயிரை அதில் கவிழ்த்து மூடினேன். செய்தவன் நான். உள்ளே பார்த்தேனா? பார்க்கவில்லை. பிறகு மறந்தும் போனேன்.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் சமையலும் இறங்கிவிட்டது. அண்ணாச்சி மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பச்சடி, அவியல், சொதி, மோர்க்குழம்பு, ரசம், பாயசம். எழுந்து, "இன்னைக்கு மோர்க்குழம்பு நல்லா அமைஞ்சிருக்கு" என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. காரமும் தேங்காயும் எல்லாவற்றையும் மூடிவிட்டன.

முக்கால் மணி கழிந்திருக்கும். விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. பாக்குமரங்களுக்குப் பின்னால் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மறுபடி போனார். இரண்டாவது தடவை வந்தபோது மரத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம பாத்திரம் இல்லாத எதுலயாவது யாராவது எதையாவது வச்சீங்களா?"

"தயிர், அண்ணாச்சி. பங்களாப் போணியில. நான்தான்."

போணியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தோம். வெளியே பொன் மாதிரி இருந்தது. உள்ளே ஈயம் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியில் பச்சையாகக் களிம்பு.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. "அந்தத் தயிர் எதுல எல்லாம் போச்சு?" என்றார். மோர்க்குழம்பிலும் பச்சடியிலும், அவியலுக்கு வேறு தயிர். இரண்டு அண்டாவையும் தோப்பில் குழி வெட்டிக் கொட்டி மூடச் சொன்னார். மறுமூட்டையை அவிழ்த்தார்கள். சுண்டை வற்றலை வறுத்து வற்றக்குழம்பு கூட்ட ஆள் உட்கார்ந்துவிட்டான். பச்சடிக்குப் பதில் வெள்ளரிக்காயை நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தோம். பிறகு அண்ணாச்சி மூலையில் புதிதாக ஓர் இலையைப் போட்டு என்னைப் பார்த்தார்.

"உக்காருலே. இப்போ நீ சாப்பிடு."

மற்ற அத்தனை பதார்த்தத்தையும் நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் பந்தல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

அதற்குள் ஆவுடைநாயகம் வந்துவிட்டார். "பிச்சுமணி, என்ன இது? சம்பந்தி வீட்டுக்காரங்க பசியோட உக்காந்திருக்காங்க. கொல்லம் ரயிலைப் பிடிக்கணும்னு சொல்லுதாங்க!"

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மோர்க்குழம்பும் பச்சடியும் கெட்டுப்போச்சு. கொட்டிட்டேன். தப்பு என்னோடது."

"கெட்டுப்போச்சா? யாரு சொன்னா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சிக்கு மூன்றாவது தடவை குமட்டியது. அவர் மரத்தடிக்கு ஓடியதையும், திரும்பி வந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றதையும் ஆவுடைநாயகம் பார்த்தார். பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மகளும் மருமகனும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் இருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனார்.

"மழையில கொஞ்சம் தாமசமாயிட்டு. எல்லாரும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கணும்" என்று அவரே எல்லோரிடமும் கைகூப்பிச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "ரயில் போனா அடுத்த ரயில் இருக்கு. நாங்க போய் இன்னொரு தடவை அருவியைப் பாத்துட்டு வாரோம்" என்றார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஐந்தருவிப் பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தி நடந்தது. வற்றக்குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

எல்லாம் முடிந்து பாத்திரம் ஏற்றும்போது நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "தப்பு என்னோடது. உங்களோடதுன்னு ஏன் சொன்னீங்க?"

"கொட்டகை ஒழுகும்னு நான் பாத்திருக்கணும். பாத்திரத்தைக் கைக்கு எட்டுத மாதிரி வச்சிருந்தா நீ ஏன் வராந்தாவுக்குப் போகப்போறே?" என்றார். அடுத்த வேலையிலிருந்து நாலு காலிப் பாத்திரம் கொட்டகை நடுவிலேயே எப்போதும் இருக்கும். அது அவருடைய புது வழக்கம்.

ஆவுடைநாயகம் இந்தக் கதையை ஊரில் மறைக்கவில்லை. கொல்லத்துக்காரர்களும் மறைக்கவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் புளியறை தாண்டி ஆரியங்காவு, புனலூர் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். தாம்பூலம் மாற்றும்போது இப்போது அவர்களே கேட்டார்கள்: "முதல் இலை உண்டுல்லா?"

அறுபத்து நாலில் அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயசமும் விருந்துச் சாப்பாடும் கூடவே கூடாது. பெரிய கேள்வி வந்தது. முதல் இலையில் யார் உட்காருவது? நான் உட்காருகிறேன் என்றேன். "நீ அடுப்படியிலேயே நிக்கிறவன். வாசனையிலேயே உனக்குப் பாதி வயிறு நிறைஞ்சிரும். உனக்குத் தெரியாது" என்றார். இரண்டு மூன்று பேரை வைத்துப் பார்த்தோம். ஒருத்தர் வெட்கப்பட்டுக்கொண்டு பாதி சாப்பிட்டார். இன்னொருத்தர் தூங்கிவிட்டார்.

இராமலட்சுமி மதினி ஒரு நாள் தானாகவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு வண்டியில் ஏறினாள்.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆண்கள் வேலை செய்கிற கொட்டகையில் ஒரு பொம்பளை வந்து எல்லாருக்கும் முன்னால் சப்பணம் போட்டுச் சாப்பிடுவதா என்று. மதினி எதையும் காதில் வாங்கவில்லை. சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ரசத்தில் பெருங்காயம் பழசு என்றாள். அவியலில் ஒரு வாழைக்காய் தவிர மற்றதெல்லாம் ஒரே மரத்துக் காய் என்றாள். காய் வாங்கினவன் நான். உண்மைதான், ஒன்று குறைந்து வேறு இடத்தில் வாங்கியிருந்தேன். அண்ணாச்சி அன்று முழுக்க எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்தார். "என் நாக்கெல்லாம் ஒரு நாக்கா!" என்றார்.

அதற்குள் காலமும் மாறிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் வாளிகளும் தூக்குகளும் வந்தன. தயிரையும் புளியையும் அதில் வைத்தால் பயமில்லை. ஈயம் பூசுகிறவர் வருவது குறைந்தது. அண்ணாச்சி அந்த வழக்கத்தை வருத்தமே இல்லாமல் விட்டுவிட்டார். "எதுக்காகச் செஞ்சமோ அது போயிருச்சுன்னா அதுவும் போகட்டும்" என்றார். கிணற்றுக்குப் பதில் சில வீடுகளில் குழாய் வந்தது. குழாய்த் தண்ணீரிலும் பருப்பைப் போட்டு வேகவைத்துத்தான் பார்த்தார். ஐஸ் கட்டி மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் அவர் சொன்னது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோடைக் கல்யாணங்களில் ஐஸ் இருந்தால் பால் எத்தனையோ தடவை திரியாமல் இருந்திருக்கும். எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொன்னால் அவரே ஒப்பமாட்டார்.

அறுபத்தாறில் குற்றாலத்துக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். நூற்றிருபது பேர் தங்கிப் படிக்கிற இடம். வார்டன் முத்துவடிவு அம்மாள் மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். சமையலுக்கு ஆள் தேடி எங்களைக் கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சி, மதினி, நான் மூவரும் போனோம். மேஜை மேல் ஒரு அச்சடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். தண்ணீரைச் சோதிக்கவேண்டும். பாத்திரத்தைப் பார்வையிடவேண்டும். அவசரத்துக்குத் தனிச் சாமான் இருப்பு வேண்டும்.

"அடுத்தது உங்களுக்குக் கொஞ்சம் புதுசா இருக்கும்" என்றார் அந்தம்மா. "பிள்ளைங்களுக்குப் பரிமாறுறதுக்கு முன்னாடி பொறுப்பான ஒருத்தர் முழுசாச் சாப்பிட்டுப் பாக்கணும். சமையல் ஆளுங்க யாரும் இதுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"எவ்வளவு நேரத்துக்கு முன்னால சாப்பிடணும்னு போட்டிருக்கு?"

"அரை மணி நேரம்."

"பத்தாது அம்மா. ஒரு மணி நேரம் வேணும்" என்றாள் மதினி.

முத்துவடிவு அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். குற்றாலத்துக் கல்யாணத்தை மதினி சொன்னாள், அண்ணாச்சி எத்தனை நிமிஷத்தில் மரத்தடிக்கு ஓடினார் என்பது வரைக்கும். அண்ணாச்சி வெட்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் அந்தம்மா புத்தகத்தில் 'அரை' என்பதை அடித்து, மேலே 'ஒரு' என்று எழுதினார். அதோடு, அந்த இலைக்கு உரிய பொறுப்பாளராக இராமலட்சுமி என்கிற பெயரையே பதிந்துகொண்டார். சமையல் எங்கள் ஆட்களுடையது, மேற்பார்வை மதினியுடையது. அவள் வாழ்க்கையில் அவள் பெயரை ஒரு வேலைக்கு நேராக எழுதினது அதுவே முதல் தடவை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். சாரல் லேசாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி குடையை விரித்து மதினிக்குப் பிடித்தார். ரோட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, நாளைக்கு என்ன சமையல்னு கேட்டியா?" என்றார்.

"சாம்பாரும் பீன்ஸ் பொரியலும்" என்றாள் மதினி. "காலையில சீக்கிரமே போகணும். நீங்க டாக்டர் சொன்ன கேப்பைக்கஞ்சியைக் குடிச்சிட்டு வீட்டுல இருங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். அவருக்குச் சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.